துக்கம் கேட்க ஆள் இல்லாதவர்கள்

வணக்கம் சார்,

வியாசர்பாடியில் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலராக இருக்கிறேன். என் ஏரியாவில் கேன்சர் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு ஆயா இருந்தார். வலி தணிக்க வரும் பாலியேட்டிவ் நர்ஸ் வராத நாட்களில் நான்தான் எட்டிப் பார்ப்பேன். "தலையைக் கொஞ்சம் வாரிவுடு கண்ணு" என்பார். போன மாதம் ஒரு நாள் போனபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் மீதி வீடுகளை முடித்துவிட்டு, சாயங்காலம் ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே 'இறப்பு' என்று எழுதினேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். ஒரு பயிற்சி வகுப்பில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, மன உறுதியை வளர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு மன உறுதி இல்லையா சார்? இன்னொன்று, குடித்துவிட்டு அசிங்கமாகப் பேசும் ஒருவர் வீட்டுக்கும் நான் போக வேண்டியிருக்கிறது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பெயர் வேண்டாம், வியாசர்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

ஷாமியானாவைப் பார்த்த பிறகும் மீதி வீடுகளுக்குப் போய் மாத்திரை கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு மேல் என்ன மன உறுதி வேண்டும்?

நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் காரியம் முடியும் வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். "கடைசியா என்ன சாப்பிட்டாங்க?", "யாரைக் கேட்டாங்க?" என்று வருகிறவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். ஆனால் மகளோ மருமகளோ அதே கதையை நாற்பதாவது முறை சொல்லும்போது பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். உங்களிடம் யார் கேட்டார்கள்? நீங்கள் சொந்தமும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. ஆயாவுக்குத் தலை வாரிவிட்டவர் என்ற உறவுக்குச் சாவு வீட்டில் இடம் கிடையாது. ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் இருந்தது, அதில் எழுதிவிட்டு வந்துவிட்டீர்கள்.

அதனால் முதலில் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். காரியம் முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மாத்திரைப் பை இல்லாமல் போங்கள். நோயாளி இறந்த பிறகும் குடும்பத்துக்குத் துணையாக இருப்பது பாலியேட்டிவ் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது குடும்பத்துக்காகச் சொன்னது. போகிறவருக்கும் அதில் ஆறுதல் உண்டு என்பது என் எண்ணம்.

மனம் பலவீனமானவர்கள்தான் இப்படி ஓய்ந்துபோவார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 1974இல் 'பர்ன்-அவுட்' என்ற இந்த ஓய்ச்சலைப் பற்றி எழுதிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கூட இருந்த தன்னார்வலர்களையும் தன்னையும் பார்த்துத்தான் எழுதினார். ஈடுபாடு அதிகம் உள்ளவர்களுக்கே இது சுலபமாக வருகிறது என்றார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதைக் குறிப்பிட்டபோதும் இது நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் அழுத்தத்தால் வரும் நிலை என்றே எழுதியது. உடலும் மனமும் ஓய்ந்துபோவது, வேலையே கசந்துபோவது, செய்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுவது, இவைதான் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் ஓய்ச்சல் தெரிகிறது, கசப்பு தெரியவில்லை. நல்ல நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

வேலையிடத்தில் வருவதை வேலையிடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். மூச்சுப் பயிற்சியைக் கிண்டல் செய்யவில்லை. அடுத்த வீட்டுப் படி ஏறும் முன் அது கைகொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

1950களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்பவர் குடும்ப மருத்துவர்களைத் தவறாமல் கூட்டி உட்கார வைத்தார். ஒருவர் தன் நோயாளியைப் பற்றிப் பேசுவார். என்ன மருந்து கொடுத்தாய் என்பது அங்கே முக்கியமில்லை. அந்த நோயாளி இவர் மனதில் எதைக் கிளறிவிட்டார் என்பதுதான் பேச்சு. பாலின்ட் குழுக்கள் என்ற பெயரில் பல நாடுகளில் இன்றும் இது நடக்கிறது. இதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. உங்கள் சுகாதார நிலையத்தில் எல்லோரும் கூடுகிற நாள் ஒன்று இருக்குமே, அன்று ஐந்தாறு பேர் அரை மணி நேரம் உட்காருங்கள். வாரம் ஒருவர் பேசட்டும். டார்கெட் பேச்சு கூடாது. நோயாளியின் பெயர் வெளியே போகக்கூடாது. "விடு, இதெல்லாம் சகஜம்" என்று சொல்பவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். முக்கியமாக, பேச விரும்பாதவரை நோண்டக்கூடாது. ஒரு கொடுமையைப் பார்த்தவரை உடனே உட்காரவைத்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் இல்லை, சிலருக்குப் பாதகமாகவே முடிந்தது. அதனால் மெல்ல, வாராவாரம்.

இதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் இரண்டே வாரத்தில் நின்றுவிடும். வேலை நேரத்துக்குள்தான் வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2024இல் ஐ.நா. விருது வாங்கியது என்றால், வீடு வீடாகப் படி ஏறிய பெண்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. வாரத்துக்கு அரை மணி கேட்பது பேராசை இல்லை.

தூக்கத்தைப் பொறுத்தவரை பேச்சோடு நிறுத்தாதீர்கள். ஒரு மாதமாகச் சரியில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தெரிந்த இடத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். கீழ்ப்பாக்கம் என்றதும் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ராத்திரியில் மனசு கனத்தால் 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அப்புறம், ஊருக்கெல்லாம் பி.பி. பார்க்கிறீர்களே, அந்தப் பட்டையை உங்கள் கையில் கடைசியாக எப்போது சுற்றினீர்கள்?

குடிகாரர் விஷயத்தில் மன உறுதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது பாதுகாப்புப் பிரச்சினை. தனியாகப் போகாதீர்கள். நர்ஸிடம் வாயால் சொன்னால் பத்தாது, தேதி போட்டு எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முடிவு தெரியும்வரை அவர் வீட்டிலிருந்து வேறு யாராவது நிலையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளட்டும். கை நீட்டினாலோ வழியை மறித்தாலோ 181, பெண்கள் உதவி எண்.