கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கும்போது சுற்றியுள்ள குளங்களையும் ஏன் காப்பாற்ற வேண்டும்?

வாழிடம் என்றால் ஒரு உயிர் இரை தேட, தங்க, குஞ்சு வளர்க்கத் தேவைப்படும் மொத்த இடமும்தான், கூடு இருக்கிற மரம் மட்டும் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் 1994-லேயே சரணாலயம் ஆகிவிட்டது, ஆனால் பரப்பு சுமார் 1.3 சதுர கிலோமீட்டர்தான். மஞ்சள்மூக்கு நாரை குளத்துக் கருவேல மரத்திலும், ஏன், ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரத்திலும்கூட கூடு கட்டும். ஊர்க்காரர்களும் அதற்காகவே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள், அது பெரிய மனசு. சரி, குஞ்சுக்கு மீன் வேண்டுமே? அதை அக்கம்பக்கத்துக் குளங்களிலும் வயல்களிலும் பிடித்து விழுங்கிக்கொண்டு வந்து, கூட்டில் கக்கித்தான் ஊட்டும். அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் வரும் ஓடையில் மண்ணைக் கொட்டி மேடாக்கி மனைக்கல் நட்டுவிட்டால் தண்ணீரும் வராது, மீனும் இருக்காது, கூடு இருந்தும் குஞ்சு பட்டினிதான். படுக்கிற அறையை மட்டும் விட்டுவைத்து, அடுப்படியை இடித்து கிணற்றையும் மூடிவிட்டு, "இங்கேயே இருந்துக்கோ" என்று சொல்கிற மாதிரி.

அப்புறம், கோடையில் வறண்ட குளத்தைப் பார்த்து "சும்மா கிடக்கிற தரிசுதானே" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிரம்புகிற குளம்.