டெஸ்ட் முடிந்ததும் சிபியூவைப் பழையபடி விடுவது எப்படி? கேள்வி பதில்

கேவிஎம் என்பது லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பகுதி. அதைச் சோதிக்கும் கேவிஎம் யூனிட் டெஸ்ட், கியூஎம்யூ என்ற எமுலேட்டரில் பூட் ஆகும் ஒரு குட்டி கெஸ்ட், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் புரோகிராம். நடுவில் லினக்ஸ் எதுவும் இல்லாமல் நேராக சிபியூவைத் தொடும். அதில் ரெஜிஸ்டர்களை (சிபியூவுக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடங்கள்) மாற்றிவிட்டுத் திரும்ப வைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. எல்லாம் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) சிபியூ சம்பந்தப்பட்டவை.

கேள்வி: அண்ணா, என் டெஸ்டைத் தனியாக ஓட்டினால் பாஸ். மொத்தமாக ஓட்டினால், பின்னால் வரும் சம்பந்தமே இல்லாத ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. யார் மேல் தப்பு?

பெரும்பாலும் உங்கள் டெஸ்ட் மேல்தான். விஎம்எக்ஸ் (இன்டெலின் விர்ச்சுவலைசேஷன் வசதி) டெஸ்டுகள் பல ஒரே பைனரிக்குள், ஒரே பூட்டில், வரிசையாக ஓடுகின்றன. சிஆர்4 என்ற கண்ட்ரோல் ரெஜிஸ்டரில் நீங்கள் மாற்றிய பிட்டோடுதான் அடுத்த டெஸ்ட் தொடங்கும். உறுதி செய்ய, உங்கள் டெஸ்ட், ஃபெயில் ஆகும் டெஸ்ட் இரண்டின் பெயரை மட்டும் கமாண்ட் லைனில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: கடைசியில் ரெஜிஸ்டரை 0 ஆக்கிவிடுகிறேன். போதாதா?

போதாது. நீங்கள் வரும்போது அங்கே 0 இருந்தது என்று யார் சொன்னது? முதலில் படித்து வைத்த மதிப்பைத்தான் திரும்ப எழுத வேண்டும். மேனுவலில் போட்டிருக்கும் ரீசெட் மதிப்பும் உதவாது. பூட் கோட் அதை எப்போதோ மாற்றியிருக்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் சேமிக்கிறேன் சார். ஆனால் திரும்ப எழுதும்போதே ஜிபி ஃபால்ட் (விதி மீறியதாக சிபியூ எழுப்பும் பிழை) வருகிறது.

வரிசை தப்பு. சேமிப்பதை எந்த வரிசையில் வேண்டுமானாலும் செய்யலாம், திரும்ப எழுதுவதை அப்படிச் செய்ய முடியாது. ஒரு ரெஜிஸ்டர் இன்னொன்றைச் சார்ந்திருக்கும். சிஆர்4-இல் சிஇடி (கண்ட்ரோல் ஃப்ளோ பாதுகாப்பு) பிட் 1 ஆக இருக்கும்போது சிஆர்0-இல் டபிள்யூபி (ரைட் ப்ரொடெக்ட்) பிட்டை 0 ஆக்கினால் ஜிபி ஃபால்ட். ஆகவே சிஇடி-ஐ அணைத்துவிட்டுத்தான் டபிள்யூபி-யைத் தொட வேண்டும். எந்தெந்த எஃப்பியூ, வெக்டர் நிலைகள் இயங்கும் என்று சொல்லும் எக்ஸ்சிஆர்0 இன்னொரு வகை. சிஆர்4-இன் ஓஎஸ்எக்ஸ்சேவ் பிட்டை முதலில் அணைத்துவிட்டால், எக்ஸ்சிஆர்0-இல் எழுதும் எக்ஸ்செட்பிவி கட்டளையே யூடி ஃபால்ட் (செல்லாத கட்டளை) தரும். அப்புறம் எக்ஸ்சிஆர்0-ஐ எப்படித் திருத்துவீர்கள்? சிஆர்4-இன் பிசிஐடிஇ (முகவரி இடங்களுக்கு அடையாள எண் தரும்) பிட்டை மறுபடி 1 ஆக்க வேண்டுமென்றால், அந்த நேரத்தில் சிஆர்3-இன் கடைசி 12 பிட்டும் 0 ஆக இருக்க வேண்டும்.

ஃபால்ட் வராமல் கெடுக்கும் ஒன்றும் உண்டு, எனக்கு அதுதான் அதிக பயம். ஜிஎஸ் என்ற செக்மென்ட் ரெஜிஸ்டரின் பேஸை (தொடக்க முகவரி) எழுதிவிட்டுப் பிறகு ஜிஎஸ் செலக்டரை (செக்மென்ட்டைத் தேர்ந்தெடுக்கும் எண்) லோட் செய்தால், நீங்கள் எழுதிய பேஸ் போய்விடும். செலக்டர் முதலில், பேஸ் பிறகு.

எப்படி மாற்றினீர்களோ அதற்கு நேர் எதிர் வரிசையில் அவிழ்த்து வந்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை வராது.

கேள்வி: இன்டெலில் விஎம் எக்ஸிட் (கெஸ்டிலிருந்து அதை ஓட்டும் ஹோஸ்டுக்குத் திரும்புவது) நடக்கும்போது ஹோஸ்ட் நிலை, விஎம்சிஎஸ் என்ற கட்டுப்பாட்டு மெமரிப் பகுதியிலிருந்து தானாக வந்துவிடுகிறதே. நான் ஏன் சேமிக்க வேண்டும்?

அதில் இடம் உள்ளவை மட்டும்தான் வரும். சிஆர்0, சிஆர்3, சிஆர்4, செலக்டர்கள், எஃப்எஸ் மற்றும் ஜிஎஸ் பேஸ், ஆர்எஸ்பி (ஸ்டாக்), ஆர்ஐபி (அடுத்த கட்டளை) ஆகியவை வரும். சிஆர்2 வராது. டீபக் ரெஜிஸ்டர்களான டிஆர்0 முதல் டிஆர்3 வரை, டிஆர்6, எக்ஸ்சிஆர்0, எஃப்பியூ, பொது ரெஜிஸ்டர்கள், எதுவும் வராது. கெர்னல் ஜிஎஸ் பேஸ், சிஸ்கால் சம்பந்தப்பட்ட ஸ்டார், எல்ஸ்டார் எம்எஸ்ஆர்களையும் (மாடல் ஸ்பெசிஃபிக் ரெஜிஸ்டர்கள்) நீங்களேதான் மாற்ற வேண்டும், அல்லது எம்எஸ்ஆர் லோட் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சில ரெஜிஸ்டர்களில் ஹார்ட்வேரே ஒரு நிலையான மதிப்பைத் திணித்துவிடும். ஒவ்வொரு எக்ஸிட்டிலும் டிஆர்7 ஹெக்ஸ் 400 ஆகிவிடும், டீபக் கண்ட்ரோல் எம்எஸ்ஆர் 0 ஆகிவிடும், ஜிடிடி (செக்மென்ட் அட்டவணை), ஐடிடி (இன்டரப்ட் அட்டவணை) லிமிட்டுகள் ஹெக்ஸ் எஃப்எஃப்எஃப்எஃப் ஆகிவிடும். ஹோஸ்ட் பக்கம் பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டு, அது ஏன் அடிக்கவில்லை என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் டிஆர்7-ஐப் பாருங்கள்.

ஏஎம்டி-யில் பங்கீடு வேறு. எஃப்எஸ், ஜிஎஸ், டிஆர் (இங்கே டாஸ்க் ரெஜிஸ்டர்), எல்டிடிஆர், கெர்னல் ஜிஎஸ் பேஸ், சிஸ்கால் எம்எஸ்ஆர்கள் எல்லாம் விஎம்சேவ், விஎம்லோட் கட்டளைகளின் பொறுப்பு. எக்ஸிட்டில் ஜிஐஎஃப் (மொத்த இன்டரப்ட் சுவிட்ச்) 0 ஆகிவிடும். அதை 1 ஆக்கும் எஸ்டிஜிஐ கட்டளை போடும்வரை இன்டரப்ட் வராது.

கேள்வி: ஏபிக் என்ற இன்டரப்ட் கண்ட்ரோலரை எக்ஸ்2ஏபிக் மோடுக்கு மாற்றிய டெஸ்டிலிருந்து பழைய எக்ஸ்ஏபிக் மோடுக்குத் திரும்ப முடியவில்லையே?

நேராகப் போக வழியில்லை, ஜிபி ஃபால்ட்தான். ஏபிக்கை முழுசாக அணைத்துவிட்டு மறுபடி எக்ஸ்ஏபிக்காக எழுப்ப வேண்டும். அணைத்ததில் அதன் உள் நிலை போயிருக்கும். ஸ்பூரியஸ் வெக்டர் ரெஜிஸ்டரில் உள்ள எனேபிள் பிட்டையும் எல்விடி-களையும் (லோக்கல் இன்டரப்ட் அமைப்புகள்) திரும்ப எழுத மறக்காதீர்கள்.

கேள்வி: திரும்பவே வைக்க முடியாத ரெஜிஸ்டர் ஏதாவது உண்டா?

உண்டு. ஃபீச்சர் கண்ட்ரோல் எம்எஸ்ஆரில் லாக் பிட்டைப் போட்டுவிட்டால் ரீசெட் வரை அதில் எழுத முடியாது. அப்படிப்பட்ட டெஸ்டுக்குத் தனி பூட் கொடுங்கள்.

கேள்வி: டெஸ்ட் நடுவில் ஃபால்ட் வந்து லாங்ஜம்ப் ஆகிறது, அதாவது செட்ஜம்ப் போட்ட இடத்துக்கே தாவிவிடுகிறது. திரும்ப வைக்கும் வரிகள் ஓடுவதே இல்லை.

செட்ஜம்ப் போட்ட ஃபங்ஷன் எதுவோ, திரும்ப வைக்கும் வேலையும் அங்கேதான் இருக்க வேண்டும். நடுவில் ரிட்டர்ன் போடும் பழக்கமும் இதே வம்பு. ஃபால்ட் ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் ஃபங்ஷன் பழைய ஹேண்ட்லரைத் திருப்பித் தரும். அதை வாங்கி வையுங்கள். பலர் கண்டுகொள்வதே இல்லை.

கேள்வி: நான் எழுதுவது யூசர்ஸ்பேஸிலிருந்து ஐஆக்டில் (கெர்னலைக் கேட்கும் சிஸ்டம் கால்) வழியாக நிலையைச் சேமித்துத் திரும்ப ஏற்றும் டெஸ்ட். எரர் வரவில்லை, ஆனால் கெஸ்டில் டைமர் செத்துக் கிடக்கிறது.

இரண்டு சந்தேகம். எம்எஸ்ஆர் ஏற்றும் ஐஆக்டில், எத்தனை எம்எஸ்ஆர் ஏறியது என்ற எண்ணிக்கையைத் தரும். 20 கொடுத்து 7 ஏறியதும் நின்றால் வருவது 7, எரர் இல்லை. நெகட்டிவா என்று மட்டும் பார்த்தால் தப்பித்துவிடும். இரண்டாவது, லோக்கல் ஏபிக் டைமர் டெட்லைன் மோடில் இல்லாதபோது, டைமர் அடிக்க வேண்டிய நேரத்தைச் சொல்லும் டிஎஸ்சி டெட்லைன் எம்எஸ்ஆரில் எழுதினால் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். ஏபிக் நிலையை முதலில் ஏற்றுங்கள்.

கேள்வி: 4 சிபியூவில் ஓடும் டெஸ்டில் என்ன கவனிக்க வேண்டும்?

ரெஜிஸ்டர்கள் சிபியூவுக்குச் சிபியூ தனி. எந்த சிபியூவில் மாற்றினீர்களோ அங்கேயே ஓடித்தான் திரும்ப வைக்க முடியும். ஃபால்ட் ஹேண்ட்லர் பட்டியலோ எல்லாருக்கும் பொது. 4 சிபியூவும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால், ஒன்று வைத்த ஹேண்ட்லரை இன்னொன்று பழையது என்று நினைத்துச் சேமித்துக்கொள்ளும். பூட் சிபியூவில் ஒருமுறை மாட்டி, எல்லா சிபியூவும் முடித்த பிறகு அங்கேயே கழற்றுங்கள்.