கேள்வி-பதில்: சேமிப்பை திராட்சைத் தோட்டத்தில் போடலாமா?

கேள்வி: எங்களிடம் கடனில்லாத 4 ஏக்கர் நிலமும், குடும்பச் செலவுக்கு 6 ஆண்டு தாங்கும் சேமிப்பும் இருக்கின்றன. நிலம் முழுக்கத் திராட்சை போட்டு, ரசாயனம் இல்லாமல் உழவு மாடு, ஆடு, வாத்துகளை வைத்தே பராமரிக்க ஆசை. சேமிப்பில் பாதியை இதில் இறக்கலாமா? வாசகி ஒருவர்.

பதில்: தோட்டம் போடுங்கள். ஆனால் 4 ஏக்கரிலும் ஒரே நேரத்தில் வேண்டாம், முதலில் 1 ஏக்கர் போதும்.

உங்கள் கணக்கையே பாருங்கள். பாதிச் சேமிப்பு போனால் கையில் மிஞ்சுவது 3 ஆண்டுச் செலவுக்கான பணம். திராட்சையில் சொல்லிக்கொள்ளும்படி முதல் அறுவடை வருவதே பொதுவாக 3ஆம் ஆண்டை ஒட்டித்தான், முழு விளைச்சலுக்கு இன்னும் ஓரிரு ஆண்டு ஆகும். பணம் தீரும் நேரமும் முதல் குலை பழுக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. நடுவில் ஒரு மழை தவறினாலோ ஒரு பூஞ்சை நோய் வந்தாலோ நிலத்தை அடமானம் வைக்க வேண்டியிருக்கும். இந்த முயற்சியில் நான் பயப்படுவது அதற்கு மட்டும்தான்.

1 ஏக்கரில் கொடி இருந்தால் மற்ற 3 ஏக்கர் தீவனத்துக்கும் மேய்ச்சலுக்கும் ஆகும். அங்கே செம்மறி வளர்த்தால் திராட்சை காய்க்கும் முன்பே குட்டி விற்ற காசு வரும், எருவும் சேரும். வெள்ளாடு வேண்டாம், அது எட்டிக் கொடியையே மொட்டையாக்கிவிடும். இளங்கொடிகளைச் செம்மறியும் கடிக்கும் என்பதால் முதல் 2 ஆண்டு தோட்டத்துக்குள் விடாதீர்கள். அதன் பிறகும், இலை உதிர்ந்து கொடி ஓய்ந்திருக்கும் மாதங்களில் மட்டும் களை மேய விட்டு, துளிர் வரும் முன் வெளியேற்றிவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். ரசாயனம் தவிர்ப்பவர்களும் பூஞ்சைக்கு மயில்துத்தம் என்ற தாமிர உப்பு கலந்த போர்டோ கலவை தெளிப்பார்கள். செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் ஆகாது. அது ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் ஆட்டைச் சாகடிக்கும். தாமிரம் தெளிப்பீர்கள் என்றால் அந்தப் புல்லில் உங்கள் முதலீட்டை மேய விடாதீர்கள். அங்கே களையை ஆள் வைத்து எடுக்கும் கூலியை இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

உழவு மாடு? 1 ஏக்கருக்குச் சொந்த ஜோடி கட்டுப்படியாகாது. வேலை சில நாள்தான், தீனி ஆண்டு முழுக்க. வாடகைக்குக் கூப்பிடுங்கள். வாத்து நல்ல யோசனை. நத்தையையும் பூச்சியையும் தின்னும், செலவும் குறைவு. பழம் பழுக்கும்போது மட்டும் அடைத்து வையுங்கள்.

இயற்கை விளைபொருள் சான்றிதழ் வேண்டுமென்றால் நடும் முன்பே பதிவு செய்யுங்கள். பல நாடுகளில் பல்லாண்டுப் பயிருக்கு மாற்றக் காலம், அதாவது சான்றிதழுக்கு முன் இயற்கை முறையில் நடத்திக் காட்ட வேண்டிய காலம், 3 ஆண்டு. கொடி வளரும் காலமும் அதுவும் சேர்ந்தே ஓடிவிடும். பின்னால் பதிவு செய்தால், நல்ல பழத்தைச் சாதாரண விலைக்கு விற்றுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அப்புறம் ரகம். சாப்பிடும் பழமா, உலர் திராட்சையா, ஒயினா என்பதை வாங்குபவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். ஒருமுறை நட்டால் 25 ஆண்டுக்கு மேல் நிற்கும் கொடி அது.

பந்தலுக்குக் கல்லும் கம்பியும்தான் பெரிய செலவு. அதற்குக் கடன் வாங்குவதானால், முதல் அறுவடைக்குப் பிறகே தவணை தொடங்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வங்கி சம்மதிக்காவிட்டால் சேமிப்புக்குள் அடங்கும் அளவு, அரை ஏக்கரானாலும் சரி, அதை மட்டும் நடுங்கள்.