பெட்டிக் கணக்குக் கூலியும் வழிகாட்டித் திட்டமும்

அன்புள்ள ஐயா,

கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இரும்பு வார்க்கும் எங்கள் பவுண்டரியில் மணல் அச்சு செய்யும் மூத்த மோல்டர்கள் பலர் விரைவில் ஓய்வு பெறப் போகிறார்கள். புதிதாகச் சேரும் ஐ.டி.ஐ. பையன்களுக்கு அவர்களை வழிகாட்டிகளாக நியமித்து ஒரு திட்டம் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரை யாரோடு சேர்ப்பது, மாதம் எத்தனை சந்திப்பு வைப்பது என்று தெரியவில்லை. திட்டத்துக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றும் வேண்டும். பெரிய சிக்கல், மூத்தவர்கள் தொழிலை மறைக்கிறார்கள். அவர்கள் மனத்தை எப்படி மாற்றுவது?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

பெயரை உங்கள் அலுவலகத்திலேயே யாராவது வைத்துக்கொள்ளட்டும். சந்திப்புக் கணக்கும் வேண்டாம். மோல்டிங் தளத்தில் யாரும் யாரையும் சந்திப்பதில்லை, ஷிப்ட் முழுக்கப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். ஒன்று மட்டும்: பையனுக்கு மதிப்பெண் போடும் சூப்பர்வைசரையே வழிகாட்டியாக்கிவிடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று அவரிடம் எந்தப் பையனும் சொல்லமாட்டான்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. மறைக்கிறார்கள் என்று யார் சொன்னது? தளத்தில் இறங்கி ஒரு நாளாவது நின்று பார்த்தீர்களா?

இளவயதில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பவுண்டரியில் கூலிச்சீட்டு எழுதும் வேலையில் இருந்தேன். பெட்டிக் கணக்குக் கூலி, அதாவது மணல் அச்சு போட்ட பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று. அங்கிருந்த மூத்த மோல்டர் ஒருவரை எல்லோரும் கல்நெஞ்சுக்காரர், தொழிலைக் காட்டமாட்டார் என்பார்கள். அவர் சீட்டை எழுதியவன் நான். பையன் பக்கத்தில் நின்ற நாட்களிலெல்லாம் அவர் பெட்டி எண்ணிக்கை குறைந்திருக்கும். பையன் போட்ட பெட்டி ரிஜெக்ட் ஆனாலும் அவர் கணக்கில்தான் ஏறும். ரிஜெக்டுக்குக் கூலி கிடையாது.

அவர் சொல்லித்தர வேண்டியதுதான் என்ன? ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்து விரிக்க வேண்டும். விரல் தடம் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். இரண்டாக ஒடித்தால் விளிம்பு உதிரக்கூடாது. ஈரம் குறைந்தால் அச்சு பொடிந்துவிடும். கூடினால் உருகிய இரும்பு பட்டதும் நீராவி கிளம்பி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் ஓட்டை விழும். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். பையனின் கைக்கு அது பிடிபட எத்தனையோ பெட்டிகள் கெட வேண்டும். அந்தப் பெட்டிகளெல்லாம் யார் வீட்டு அரிசி, அம்மணி?

பழகுநருக்கு உதவித்தொகை தரவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்திலேயே இருக்கிறது. கைவேலையை நிறுத்திவிட்டுச் சொல்லித்தரும் மோல்டருக்கு இழந்த கூலியை ஈடுகட்ட உங்கள் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறதா? கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், காணவில்லை. மனத்தை மாற்ற வேண்டுமாம்! கூலிச்சீட்டை மாற்றுங்கள்.

ஜூலியன் ஓர் (Julian Orr) என்ற மானுடவியலாளர் 1980களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுது நீக்குபவர்களோடு சுற்றினார். நிறுவனம் கொடுத்த கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் காலைச் சாப்பாட்டு மேசையில் கதைபேசித்தான் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். யாரும் இணை சேர்த்துவிடவில்லை. பேச நேரம் இருந்தது, பேசினார்கள். உங்கள் மோல்டருக்கு டீ குடிக்கவாவது நேரம் விடுகிறீர்களா?

நீங்கள் நல்ல பெண். இல்லாவிட்டால் இந்த வேலைக்காக ஒரு கிழவனுக்குக் கடிதம் எழுதியிருக்கமாட்டீர்கள். திங்கட்கிழமை தொழிற்சாலை மேலாளரிடம் இரண்டு கேளுங்கள். பையன் பக்கத்தில் நிற்கும் நாட்களில் வழிகாட்டியின் இலக்கைக் குறைத்து, கூலியை முழுதாகத் தருவாரா? பையன் கெடுக்கும் பெட்டியை நிறுவனத்தின் கணக்கில் எழுதுவாரா? முடியாது என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்களை ஏன் திட்டம் ஓடவில்லை என்று அவர் கேட்கக்கூடாது.