பாய்ன் ஆற்றங்கரைக் கற்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அயர்லாந்தின் கிழக்கே, டப்ளினிலிருந்து வடக்கில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மீத் பகுதியையும், அங்கே பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகிரேஞ்ச், நௌத், டௌத் என்ற கற்காலக் கல்லறை மேடுகளையும் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நியூகிரேஞ்ச் கல்லறை எகிப்துப் பிரமிடுகளைவிடப் பழையது என்கிறீர்களே, நிஜமாகவா? ட்ரூயிட் பூசாரிகள் கட்டியது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

நிஜம்தான். நியூகிரேஞ்ச் எழும்பியது கிமு 3200 வாக்கில், கீசாவின் பெரிய பிரமிடு கிமு 2560 வாக்கில். ஆக, அறுநூறு வருஷம் மூத்தது. இந்தக் காலக்கணக்கு எப்படிக் கிடைத்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். உள்ளே போகும் பாதைக்குக் கூரையாகப் போட்ட பலகைக் கற்களின் இடுக்குகளில் மழைநீர் இறங்காமலிருக்கச் சுட்ட மண்ணையும் கடல் மணலையும் வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் இருந்த கரியை ரேடியோ கார்பன் முறையில் சோதித்துத்தான் வயது தெரிந்தது. அது போதாதென்று, கூரைக் கற்களின் மேல்முகத்தில் தண்ணீர் வழிந்தோடக் காடி வெட்டியிருக்கிறார்கள். உள்ளறையின் கூரை ஆறு மீட்டர் உயரம். சாந்து எதுவும் பூசவில்லை, கல்லுக்கு மேல் கல்லை உள்நோக்கி நீட்டி நீட்டி அடுக்கிக்கொண்டே போய் உச்சியில் ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். ஐயாயிரம் வருஷமாகியும் அந்த அறை ஒழுகவில்லை.

ட்ரூயிட் கதையை விட்டுவிடுங்கள். அவர்கள் இரும்புக் காலத்துக் கெல்டிக் பூசாரிகள், இந்தக் கட்டடம் எழும்பி இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து வருகிறவர்கள். இதைக் கட்டியவர்கள் மாடு வளர்த்து, தானியம் விதைத்து வாழ்ந்த விவசாயிகள். அவர்களுடைய முன்னோர் இன்றைய துருக்கிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக ஐரோப்பா வழியே நகர்ந்து வந்தவர்கள் என்று டிஎன்ஏ ஆய்வுகள் சொல்கின்றன. கையில் உலோகக் கருவி கிடையாது. மேட்டைச் சுற்றி நிற்கும் விளிம்புக் கற்கள் மட்டும் 97, பலவும் டன் கணக்கில் எடை உள்ளவை. அவை சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் க்ளோகர்ஹெட் கடற்கரைப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். வாசல் முன் கிடந்த வெள்ளைப் படிகக் கற்கள் தெற்கே விக்லோ மலையிலிருந்து வந்தவை. வேற்றுக் கிரகத்து ஆட்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும், ஏனென்றால் இத்தனை உழைப்பையும் கணக்கையும் அந்த உழவர்களிடமிருந்து பிடுங்கி வேறு யாருக்கோ கொடுக்கிற பேச்சு அது.

கேள்வி: குளிர்காலத்தில் ஒரு நாள் மட்டும் சூரியன் உள்ளே வருமாமே. தற்செயலாக அமைந்ததாக இருக்கக் கூடாதா?

ஒரு நாள் மட்டும் இல்லை, டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்களில் வரும். தற்செயல் என்று சொல்ல வழியில்லை, காரணம் அந்தக் கட்டட அமைப்பு. வாசலுக்கு மேலே தனியாக ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது, கூரைப் பெட்டி என்பார்கள். 19 மீட்டர் நீளப் பாதையின் தரை உள்ளே போகப் போக மேலேறிக்கொண்டே போகிறது. சுமார் இரண்டு மீட்டர் ஏறி, உள்ளறையின் தரை அந்தத் திறப்பின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் வாசல் வழியாக வரும் வெளிச்சம் பாதி வழியில் நின்றுவிடும், திறப்பு வழியாக வருவது மட்டும்தான் உள்ளறையைத் தொடும். வாசல் கல்லால் மூடியிருந்த காலத்திலும் வெளிச்சம் மட்டும் போய்வரட்டும் என்று திட்டமிட்ட ஏற்பாடு. திறப்பை மூடப் படிகக் கல் கட்டிகள் வைத்திருந்திருக்கிறார்கள், அவற்றைத் திரும்பத் திரும்ப நகர்த்திய கீறல் தடம்கூடக் கல்லில் இருக்கிறது.

இதை நம் காலத்தில் முதலில் கண்ணால் பார்த்தவர் தொல்லியலாளர் மைக்கேல் ஓகெல்லி. 1962-லிருந்து 1975 வரை அங்கே அகழாய்வு நடத்தியவர். உள்ளே வெயில் வரும் என்று அந்தப் பக்கத்து மக்கள் பேசிக்கொண்டதை அவர் காதில் போட்டுக்கொண்டார், முதலில் இங்கிலாந்தின் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுடன் குழப்பிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்தார், அப்புறம் பாதை தென்கிழக்கைப் பார்ப்பதை யோசித்து, 1967 டிசம்பர் 21 காலையில் தனியாக உள்ளே போய்க் காத்திருந்தார். பென்சில் கனத்தில் ஒரு ஒளிக்கோடு தரையில் ஊர்ந்து வந்து, அகலமாகி, அறையின் பக்கக் கற்களெல்லாம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்திருக்கிறது. 17 நிமிடம்தான், அதன்பின் மறைந்துவிட்டது.

இப்போது அந்த நாட்களில் உள்ளே நிற்கக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும், விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். விழுந்தாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, அயர்லாந்தின் டிசம்பர் வானத்தை நம்ப முடியாது. மற்ற நாட்களில் போகிறவர்களுக்கு வழிகாட்டி விளக்கை அணைத்துவிட்டு மின்விளக்கால் அதைச் செய்து காட்டுவார். அதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள், கல் எப்படி வேலை செய்கிறது என்று புரிய அது நன்றாகவே உதவும்.

கேள்வி: படத்தில் அந்த வெள்ளைச் சுவர் புத்தம் புதுசாக இருக்கிறதே. நேற்றுக் கட்டியதுபோல!

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்த நிமிர்ந்த வெள்ளைச் சுவர் 1970-களில் எழுப்பியது, பின்னால் கான்கிரீட் இருக்கிறது. கற்கள் பழையவைதான். வாசலுக்கு முன்னால் குவிந்து கிடந்த படிகக் கற்கள் ஒரு காலத்தில் செங்குத்துச் சுவராக இருந்து சரிந்தவை என்பது ஓகெல்லியின் முடிவு. அவ்வளவு செங்குத்தாகக் கல்லும் மண்ணும் நிற்காது, அவை தரையில் பரப்பி வைத்தவையாக இருக்கலாம் என்று வேறு ஆய்வாளர்கள் அன்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளியிருக்கும் நௌத் மேட்டில் அகழாய்வு செய்த ஜார்ஜ் ஓகன் அதே படிகக் கற்களை வாசல் முன் தரையிலேயே விட்டுவைத்தார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். என்னைக் கேட்டால் ஓகன் செய்ததுதான் சரி. சந்தேகம் இருக்கும் இடத்தில் கான்கிரீட் போட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் யோசிக்க இடமில்லாமல் போய்விடுகிறது. வாசலின் இரு பக்கமும் உள்வாங்கியிருக்கும் கறுப்புக் கல் சுவரும் பார்வையாளர்கள் ஏறி இறங்க வசதியாக இந்தக் காலத்தில் கட்டியதுதான்.

ஆனால் வாசலில் படுத்திருக்கும் அந்தப் பெரிய கல்லில் சந்தேகமே வேண்டாம். சுருள் சுருளாக, அலை அலையாக, கூர்மையான கல்லால் கொத்திக் கொத்தியே செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கொத்தும் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். சில விளிம்புக் கற்களை அகழாய்வில் திருப்பிப் பார்த்தபோது, மண்ணுக்குள் மறைந்திருந்த பின்முகத்திலும் செதுக்கல் இருந்தது.

கேள்வி: ஒரு நாள்தான் இருக்கிறது. நியூகிரேஞ்சா, நௌத்தா?

இரண்டுக்கும் சேர்த்துச் சீட்டு எடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் நான் நௌத் என்பேன், நிறையப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே பாதைக்குள் விட மாட்டார்கள். ஆனால் மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்காலச் செதுக்கல்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அதையெல்லாம் வெளிச்சத்தில் நிதானமாகச் சுற்றிவந்து பார்க்கலாம். பெரிய மேட்டுக்குள் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என இரண்டு பாதைகள், சுற்றிலும் குட்டிக் குட்டி மேடுகள். ஓகன் 1962-ல் தொடங்கி நாற்பது வருஷத்துக்கும் மேல் இங்கேயே உழைத்தார். கிழக்குப் பாதையில் கிடைத்த தீக்கல் கதாயுதத் தலை ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு, அதில் சுருள்கள் வாய் பிளந்த முகம்போலத் தெரியும். அது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவசியம் பாருங்கள். அந்த வழவழப்பை உலோகம் இல்லாமல் கொண்டுவந்தவர் யாரோ, அவர் பெரிய கலைஞர். கல்லறைக் காலம் முடிந்து மூவாயிரம் வருஷத்துக்கும் அப்பால் உள்ளூர் அரசர்கள் அதே மேட்டின்மேல் குடியிருந்திருக்கிறார்கள், அந்தக் காலத்து ஆட்கள் உள்ளே போய்க் கல்லில் தங்கள் பெயரைக் கீறியும் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது மேடு டௌத். உச்சியில் பெரிய பள்ளம் இருக்கும். 1847-ல் உள்ளே என்ன இருக்கிறது என்று அவசரமாகத் தோண்டியதன் தடம் அது. உள்ளே போக முடியாது, ஆனால் கூட்டமே இருக்காது.

நேராகக் காரில் நியூகிரேஞ்ச் வாசலுக்குப் போய்விட முடியாது, சொல்லிவிடுகிறேன். ஆற்றின் தென்கரையில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குப் போய், நடைபாலத்தைத் தாண்டி, அவர்களுடைய பேருந்தில்தான் போக வேண்டும். முன்பதிவு இல்லாமல் கோடையில் போனால் திரும்பி வர வேண்டியதுதான். உள்ளறையில் படமெடுக்க அனுமதி கிடையாது.

கேள்வி: நியூகிரேஞ்சில் புதைத்தவர்கள் அண்ணன் தங்கை கல்யாணம் செய்துகொண்ட அரச குடும்பம் என்று செய்தியில் படித்தேன்.

செய்தி கொஞ்சம் ஓவராகப் போய்விட்டது. 2020-ல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டது இது: உள்ளறையில் கிடைத்த ஓர் ஆணின் டிஎன்ஏ-வைப் பார்த்தால், அவருடைய பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்திருக்க வேண்டும். எகிப்தில், தென் அமெரிக்காவின் இன்காக்களிடம் அரச வம்சங்களில் இப்படி நடந்ததால், இங்கேயும் தெய்வ அம்சம் கொண்டாடிய ஓர் ஆளும் குடும்பம் இருந்திருக்கலாம் என்று ஊகித்தார்கள். டிஎன்ஏ முடிவு உறுதியானது. அரச குடும்பம் என்பது ஊகம், ஒரே ஒருவரின் எலும்புத் துண்டை வைத்து ராஜ்ஜியம் கட்ட முடியாது என்று வேறு தொல்லியலாளர்கள் மறுக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஒரு விஷயம் மறுக்க முடியாமல் இருக்கிறது. தன் தங்கையுடன் கூடிய அரசன் ஒருவனின் கதையை டௌத் மேட்டோடு சேர்த்து இடைக்கால ஐரிஷ் ஏடுகள் எழுதி வைத்திருக்கின்றன. நாலாயிரம் வருஷ நினைவா, வெறும் பொருத்தமா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

கேள்வி: தாரா குன்றுக்குப் போனோம். அயர்லாந்து அரசர்களின் தலைநகரம் என்றார்கள், பார்த்தால் புல்தரை. ஏமாற்றமாகிவிட்டது.

நிறையப் பேர் இதையே சொல்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது. தாராவில் கோட்டைச் சுவரைத் தேடக் கூடாது, தரை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். காலடியில் வளைந்து போகும் அந்தப் பள்ளமும் கரையும்தான் அரசர் வளாகம், சுற்றளவு ஒரு கிலோமீட்டர், இரும்புக் காலத்தில் வெட்டியது. அதற்குள்ளே இருக்கும் சின்ன மேடு அதைவிட மூவாயிரம் வருஷம் பழையது, பிணைக்கைதிகள் மேடு என்று பெயர். நான்கு மீட்டர் நீளப் பாதைதான், ஆனால் நூற்றுக்கணக்கானவர்களின் எரித்த எலும்புகள் அதில் இருந்தன. வெண்கலக் காலத்தில் புதைத்த ஓர் இளம் வயதுப் பிள்ளையின் கழுத்தில் அம்பர் என்ற புதைபிசின் மணிகளும் வெண்கல மணிகளும் கோத்த மாலையும் கிடைத்தது.

நடுவில் நிற்கும் குத்துக்கல் லியா ஃபாயில். உரிமையுள்ள அரசன் தொட்டால் அலறும் என்பது ஐதீகம். 2012-ல் யாரோ அதைச் சுத்தியலால் அடித்தார்கள், 2014-ல் பெயிண்ட் ஊற்றினார்கள். அதற்கு முன் 1899-லிருந்து 1902 வரை, பைபிளில் வரும் உடன்படிக்கைப் பேழை இங்கேதான் புதைந்திருக்கிறது என்று நம்பிய ஒரு கூட்டம் வந்து குன்றைக் கண்டபடி தோண்டியது. கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டவர்கள் பத்திரிகையில் எழுதி எதிர்த்தார்கள். பேழை கிடைக்கவில்லை, அழிந்த அடுக்குகளும் திரும்பக் கிடைக்காது. நம் காலத்தில் எம்3 நெடுஞ்சாலை. 2007-ல் அந்தச் சாலை வேலையின்போது பக்கத்தில் லிஸ்மல்லினில் 80 மீட்டர் அகல மரக்கம்ப வட்டம் ஒன்று வெளிப்பட்டது, பதிவு செய்துவிட்டு அதன்மேலேயே சாலையைக் கொண்டுபோனார்கள். 2010-ல் சாலை திறந்தது. கொஞ்சம் தள்ளி வளைத்திருக்கலாம் என்பதுதான் இன்றும் என் கட்சி.

அடுத்த முறை சாய்வெயில் நேரத்தில் போங்கள், அப்போதுதான் நிழல் விழுந்து மேடு பள்ளம் துலங்கும். கட்டணமும் கிடையாது.

கேள்வி: இனிமேல் புதிதாகக் கண்டுபிடிக்க அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

2018 ஜூலையில் அங்கே கடும் வறட்சி. அப்போது இருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார்கள், நியூகிரேஞ்சுக்குக் கீழே ஆற்றோரப் பயிரில் நூறு மீட்டருக்கும் மேல் அகலமான வட்டம் தெரிந்தது. வெட்டி மூடிய பழைய குழிகளில் ஈரம் நிற்கும், அங்கே மட்டும் பயிர் பச்சையாக இருக்கும், அதுதான் கோடாகத் தெரிகிறது. மழை வந்ததும் மறைந்துவிட்டது. ஆக, நிறைய மிச்சம் இருக்கிறது.

கேள்வி: பாய்ன் போர் நடந்த இடம் இதேதானா? கெல்ஸ் ஏட்டை அந்த ஊரிலேயே பார்க்கலாமா?

இதே ஆறுதான், கொஞ்சம் கீழே ஓல்டுபிரிட்ஜில். 1690-ல் இங்கிலாந்து அரியணைக்காக மூன்றாம் வில்லியமும் இரண்டாம் ஜேம்ஸும் மோதினார்கள், ஜேம்ஸ் தோற்று ஓடினார். அங்கே இருக்கும் பழைய மாளிகையில் கண்காட்சி உண்டு.

படங்கள் வரைந்த பழைய பைபிள் சுவடியான கெல்ஸ் ஏடு மீத் பகுதியின் கெல்ஸ் ஊரில் இல்லை, 17-ஆம் நூற்றாண்டிலிருந்து டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. கெல்ஸில் வட்டக் கோபுரமும் கற்சிலுவைகளும் பார்க்கலாம். சிலுவைக்காக மட்டும் என்றால் பக்கத்து லௌத் பகுதியின் மானஸ்டர்பாய்ஸ் இன்னும் நல்லது. முய்ரெடாக் சிலுவை ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம், உடம்பு முழுக்க பைபிள் காட்சிகள், அடியில் இரண்டு பூனைகள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் பூனையைத் தேடச் சொல்லுங்கள், மேலே இருப்பதைத் தானாகவே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.