கியூ பூங்கா அனுப்பிய பழைய செடிகளின் தடத்தை ஆவணங்களில் பிடிப்பது எப்படி?

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் காப்பகத்தில் முதலில் வரவு, அனுப்புகைப் பதிவேடுகளைத் திறங்கள், கடிதங்கள் அப்புறம். உதாரணத்துக்கு, 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவை 2,700 சொச்சம். அதில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில், அதாவது மூடிய கண்ணாடிப் பெட்டிகளில், இலங்கைக்குக் கப்பலேறின.

பலரும் சறுக்குவது பெயரில்தான். 'ஸ்ரீலங்கா' என்று தேடினால் கையை விரிக்கும். 'சிலோன்' என்றோ, அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பெயரான 'பெரதேனியா' என்றோ தேடுங்கள். செடிக்கும் அன்றைய தாவரவியல் பெயர்தான், அதுவும் எழுத்துப்பிழையோடு இருக்கலாம்.

அனுப்பிய தேதி கிடைத்ததா? கியூ இயக்குநர்களுக்கு வந்த கடிதங்களின் தொகுப்புக்குப் போங்கள். 1841 முதல் 1928 வரை, 218 தொகுதிகள். எழுதியவர் இருந்த ஊர்ப்பக்கம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள், தேதி வரிசையில் அல்ல. வழியில் பட்டுப்போன கன்றுகளின் கணக்கு அனுப்புகை ஏட்டில் ஏறாது. பெட்டியைப் பிரித்தவரின் பதில் கடிதத்தில் தேடுங்கள்.