கார்டு இரண்டு கிராம், தபால் செலவு எவ்வளவு?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஆறாம் படிவம் படிக்கிறேன். மாமா சேர்த்து வைத்திருந்த மேட்ச் அட்டாக்ஸ் கால்பந்து கார்டுகளை எனக்குக் கொடுத்துவிட்டார். இரட்டையாக இருப்பவற்றை இணையத்தில் விற்கிறேன். சபாவில், கோத்தா கினபாலுவில் ஒருவர் மூன்று கார்டுகளை 25 ரிங்கிட்டுக்குக் கேட்கிறார். தபால் செலவை அவருக்குச் சொல்ல வேண்டும். கார்டு இரண்டு கிராம்தானே, ஒரு தபால்தலை போதும் என்கிறான் நண்பன். கவுண்டரிலோ பல மடங்கு சொல்கிறார்கள். எது சரி?

பதில்: தம்பி, அஞ்சலகக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் நண்பர் கார்டுக்குக் கணக்குப் போடுகிறார், கவுண்டரில் பொட்டலத்துக்குப் போடுகிறார்கள். அதனால் முதலில் அனுப்பப்போகிற மாதிரியே கட்டி முடியுங்கள், அப்புறம் விலை கேளுங்கள். வெறுங்கையோடு போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் உங்களுக்கு உதவாது.

எடையைவிடத் தடிமன்தான் இங்கே முக்கியம். சாதாரணக் கார்டின் அளவு 63.5க்கு 88.9 மில்லிமீட்டர். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்லீவில் போட்டு, டாப்லோடர் என்கிற விறைப்பான பிளாஸ்டிக் உறையில் நுழைக்கிறோம். டாப்லோடரில் 35 பாயிண்ட் என்று போட்டிருந்தால் 0.035 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள கார்டு உள்ளே போகும். ஜெர்சித் துணி பதித்த தடித்த கார்டுகளுக்கு 130 பாயிண்ட் வாங்குவார்கள். அதன் உள்ளிடமே 3.3 மில்லிமீட்டர். உலக அஞ்சல் ஒன்றியத்தின் அளவுப்படி சிறிய கடிதம் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கும் 100 கிராமுக்கும் உட்பட்டிருக்க வேண்டும். இப்போது பெட்டி அட்டையை வெட்டி இரு பக்கமும் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நெளிவுள்ள அட்டை ஒரு துண்டே 3 மில்லிமீட்டர் வரும். இரண்டு துண்டு 6. கார்டு உள்ளே போவதற்கு முன்பே அது சிறிய கடிதம் என்ற வகையைத் தாண்டிவிட்டது!

அட்டை வேண்டுமென்றால் காலையில் சாப்பிடும் சீரியல் பெட்டியின் அட்டையை வெட்டி வையுங்கள், மெல்லியது, ஓரளவு விறைப்பானது. மூன்று டாப்லோடர்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எளிதில் உரிகிற மாஸ்கிங் டேப்பால் அட்டையில் ஒட்டிவிடுங்கள். அடுக்கினால் மூன்று மடங்கு தடிமன், பரப்பினால் ஒரு மடங்குதான். சுற்றிலும் ஒட்டும் வாயுள்ள பிளாஸ்டிக் பை அவசியம் வேண்டும். நம் பக்கத்து மழைக்கும் புழுக்கத்துக்கும் கார்டு வாழை மட்டை மாதிரி வளைந்துவிடும்.

கடிதமாகப் போகும் என்றாலும் விறைப்பான உறையை இயந்திரம் விரும்பாது. தரம்பிரிக்கும் இயந்திரம் கடிதங்களை உருளைகளுக்கு நடுவே வளைத்து ஓட்டும். வளையாத உறை சிக்கிக்கொள்ளும், கிழியும். கவுண்டரில் கொடுத்து, உள்ளே விறைப்பான பொருள் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சரி, உங்கள் 25 ரிங்கிட்டுக்கு வருவோம். தபால்தலை ஒட்டிய உறை காணாமல் போனால் தேட எண் இல்லை. வாங்குபவர் கிடைக்கவில்லை என்பார், உங்களிடம் ஆதாரம் இருக்காது. பதிவு அஞ்சலிலோ கூரியரிலோ எண் கிடைக்கும், ஆனால் சபாவுக்குக் கூரியர் கட்டணம் தீபகற்பத்துக்குள் அனுப்புவதைவிட அதிகம். அதனால் இரண்டு விலையையும் கவுண்டரில் கேட்டு, இரண்டையும் வாங்குபவரிடம் சொல்லி, எண் இல்லாமல் அனுப்பித் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ரிங்கிட் கார்டுக்குக் கூரியர் வேண்டாம். 25 ரிங்கிட் என்றால், என்னைக் கேட்டால், எண்ணோடுதான் அனுப்புவேன். மூன்றையும் ஒரே உறையில் அனுப்புவதால் அந்தச் செலவு மூன்றாகப் பிரிந்துவிடும். அவர் இன்னும் இரண்டு கார்டு கேட்டாலும் செலவு அதிகம் ஏறாது, அதைச் சொல்லியே விற்கலாம்.

டாப்லோடர், பை, உறை, டேப் எல்லாவற்றையும் விலையில் சேருங்கள். 25 டாப்லோடர் உள்ள பொட்டலத்தின் விலையை 25ஆல் வகுத்தால் ஒன்றின் விலை. இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தபாலில் இலாபம் வைக்காதீர்கள், சேகரிப்பாளர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பெரிய பெட்டியில் போட்டு அனுப்பும் ஆசையும் வேண்டாம். பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து எடை பார்ப்பார்கள். 20, 15, 10 என்ற பெட்டி 0.6 கிலோ ஆகிவிடும், உள்ளே இருப்பது நூறு கிராமாக இருந்தாலும்.

கேள்வி: இங்கிலாந்திலிருந்து ஒருவர் கேட்கிறார். அங்கேயும் கடிதமாக அனுப்பலாமா? (வாசகி, கோல சிலாங்கூர்)

பதில்: அம்மா, விற்ற பொருள் எல்லை தாண்டினால் அது சரக்கு. சிறு பொட்டலமாக, சிஎன் 22 என்ற சுங்கப் படிவத்தோடு போக வேண்டும். பொருள் என்ன, எத்தனை, என்ன மதிப்பு என்று தெளிவாக எழுதுங்கள். அன்பளிப்பு என்று குறிக்கச் சொல்லி வாங்குபவர் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். அது பொய்த் தகவல், கையெழுத்து உங்களுடையது. அமெரிக்காவிலிருந்து யாராவது கேட்டால் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: 800 டாலருக்கு உட்பட்ட பொருள்களுக்கு அங்கே இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. வரியை யார் கட்டுவது என்று பேசி முடித்த பிறகு அஞ்சலகத்துக்குப் போங்கள்.